மாஸ்க் போடச் சொல்வது யார் வேலை?

கொரோனாக் காலத்தில் நான் ஒரு பொது நூலகத்தின் முகப்பு மேசையில் வேலை பார்த்தேன். மாஸ்க் கட்டாயம் என்று விதி வந்ததும், உள்ளே வருகிறவர்களிடம் அதைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. விதி எல்லாம் போன பிறகு என் கணவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அப்புறமும் மற்றவர்களிடம் மாஸ்க் போடச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் இந்த முறை எனக்குத் துணையாக விதி எதுவும் இல்லை.

இரண்டு நிலையிலும் கேட்டுப் பார்த்ததில் ஒன்று தெளிவானது. கட்டாயமா, அவரவர் விருப்பமா என்று நாம் போடும் சண்டையில், கேட்கிற வேலை யாருடையது என்பதை யாரும் பேசுவதில்லை. விதி இருந்தால் வாசலில் ஒட்டிய தாள் அந்த வேலையைச் செய்துவிடும். விதி இல்லாவிட்டால் நோயாளியோ நோயாளியின் வீட்டுக்காரரோ ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்க வேண்டும். இதைச் சொன்னதும் நான் எல்லா விதிக்கும் ஆதரவு என்று நினைத்துவிட வேண்டாம். அபத்தமான விதிகளையும் மேசையில் உட்கார்ந்து அமல்படுத்தியிருக்கிறேன், அதையும் சொல்கிறேன்.

வாசலில் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மாஸ்க் இல்லாமல் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. பெரும்பாலோர் மறந்து வந்தவர்கள். பையில் இருக்கும், கழுத்தில் தொங்கும், வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள். அவர்களிடம் விதியைப் பற்றிப் பேசுவது வீண். "இந்தாங்க" என்று ஒன்றைக் கையில் கொடுத்தால் முடிந்தது. ஆரம்பத்தில் எங்களிடம் அறிவிப்புப் பலகை மட்டும்தான் இருந்தது, கொடுப்பதற்கு மாஸ்க் இல்லை. மேசைமேல் ஒரு டப்பா மாஸ்க் வந்த பிறகு வாக்குவாதங்களில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. "ஏன் போடலை?" என்று கேட்பதையும் விட்டுவிட்டோம். அந்தக் கேள்விக்கு யாராலும் நல்ல பதில் சொல்ல முடியாது, எரிச்சல்தான் வரும். "ஒண்ணு தரட்டுமா?" என்று கேட்டால் கை தானாக நீளும்.

இது எங்கள் மேசையோடு நிற்கிற சங்கதி இல்லை என்பது பின்னால் ஒரு ஆய்வைப் படித்தபோது புரிந்தது. பங்களாதேஷில் 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை, சுமார் 600 கிராமங்களில், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களை வைத்து நடந்த ஆய்வு அது. பாதிக் கிராமங்களில் வீடு தேடிப் போய் இலவசமாக மாஸ்க் கொடுத்தார்கள். எதற்கு என்று விளக்கினார்கள். ஊர்த் தலைவர்களும் இமாம்களும் தாங்களே போட்டுக் காட்டினார்கள். போடாமல் தெருவில் வருகிறவர்களை ஆட்கள் நேரில் நினைவுபடுத்தினார்கள். மற்ற கிராமங்களில் சரியாக மாஸ்க் போட்டவர்கள் 13 சதவீதம். இந்தக் கிராமங்களில் 42 சதவீதம். குறுஞ்செய்தி அனுப்பியது, பரிசு அறிவித்தது போன்ற கூடுதல் முயற்சிகள் அதற்கு மேல் எதையும் கூட்டவில்லை. கையில் கொடுத்ததும் முகம் பார்த்துச் சொன்னதும்தான் வேலை செய்திருக்கின்றன. எங்கள் டப்பாவும் அதைத்தான் செய்தது.

இரண்டாவது ரகம், போட முடியாதவர்கள். இவர்களைப் பற்றி விதி எழுதுகிறவர்கள் கடைசி வரியில்தான் யோசிப்பார்கள். மூச்சுக் கோளாறு உள்ளவர்கள், முகத்தில் எதுவும் படுவதைத் தாங்க முடியாத ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், முகத்தை மூடினாலே பழைய பயங்கரம் ஒன்று திரும்பி வருகிறவர்கள். "டாக்டர் சீட்டு இருக்கா?" என்று கேட்கச் சொல்லி மேலிடத்தில் ஒரு யோசனை வந்தது. கூட வேலை பார்த்த அக்கா ஒருவர் அதைக் கடுமையாக எதிர்த்தார். வாசலில் நாலு பேர் முன்னால் தன் நோயைச் சொல்லி நிரூபிக்க யாருக்குத்தான் மனம் வரும்? கடைசியில் சீட்டு கேட்கவில்லை. வேண்டிய புத்தகத்தை நாங்களே எடுத்துக்கொண்டு வெளியே வந்து கொடுத்தோம். பொய் சொல்லி அதைப் பயன்படுத்தியவர்களும் இருந்திருக்கலாம். இருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அவர்கள் உள்ளே வரவில்லை, புத்தகம் மட்டும் வெளியே போனது.

மாஸ்க்கைப் போடுவதால் இல்லை, எதிரில் இருப்பவர் போடுவதால் கஷ்டப்படுகிறவர்கள் என்று இன்னொரு கூட்டம் உண்டு. வழக்கமாக வரும் பெரியவர் ஒருவருக்குக் காது சரியாகக் கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். திடீரென்று ஊரே வாயை மூடிக்கொண்டது போல ஆகிவிட்டது அவருக்கு. நான் குரலை உயர்த்த, அவர் நான் திட்டுகிறேன் என்று நினைக்க, முதல் சில தடவை இரண்டு பேருக்கும் சங்கடம். பிறகு ஒரு சிறிய வெள்ளைப் பலகையும் பேனாவும் மேசையில் வைத்தோம். அவர் எழுதுவார், நான் எழுதுவேன். வாய் தெரியும்படியான மாஸ்க் ஒன்றும் வாங்கிப் பார்த்தோம். மூச்சு பட்டுப் பனி படிந்துவிடும். இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை. வாசலைத் தாண்டித் திறந்தவெளிக்குப் போய், இரண்டடி தள்ளி நின்று, மாஸ்க்கை இறக்கிவிட்டுப் பேசுவதுதான் அவருக்கு மிகவும் பிடித்த வழி. மாஸ்க் எதற்காகப் போடுகிறோம் என்பது தெரிந்திருந்தால் எப்போது இறக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். விதியை மட்டும் தெரிந்துவைத்திருக்கிறவர்களுக்கு அது தெரியாது.

மூன்றாவது ரகம் கொள்கைக்காகப் போடாதவர்கள். இவர்கள் எண்ணிக்கை குறைவு, சத்தம் அதிகம். அவர்களில் ஒருவர் சத்தமே போடாமல் ஒரு கேள்வி கேட்டார்: "முதல்ல வேணாம்னீங்க, அப்புறம் கட்டாயம்னீங்க. நான் எதை நம்பறது மேடம்?" மேசையில் உட்கார்ந்துகொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. கடமை நேரத்தில் விவாதம் கூடாது என்பது நானே வைத்துக்கொண்ட ஒழுங்கு. ஆனால் கேள்வி நியாயமானது.

நடந்தது என்னவென்றால், 2020 பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரல், அதாவது பொதுச் சுகாதாரம் பற்றி மக்களுக்கு அறிவுரை சொல்லும் அந்த அரசின் தலைமை மருத்துவர், மக்கள் மாஸ்க் வாங்குவதை நிறுத்த வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னார். ஏப்ரல் 3 அன்று அதே நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், வெளியே போகும்போது துணி மாஸ்க் போடுங்கள் என்றது. உலக சுகாதார அமைப்பு ஜூன் 5 அன்றுதான் பரவலாகப் போடும்படி பரிந்துரைத்தது. இதில் இரண்டு காரணங்கள் ஒன்றோடொன்று குழம்பியிருந்தன. ஒன்று தட்டுப்பாடு, மருத்துவமனைகளுக்கே மாஸ்க் போதவில்லை. இன்னொன்று, இருமல் தும்மல் உள்ளவர் மட்டும்தான் பரப்புவார், அதுவும் பக்கத்தில் விழும் பெரிய துளிகள் வழியாக என்ற பழைய நம்பிக்கை. "மாஸ்க் பயன்படும், ஆனால் இப்போது செவிலியர்களுக்கு வேண்டும், நீங்கள் பொறுத்திருங்கள்" என்று நேராகச் சொல்லியிருந்தால் ஜனங்கள் புரிந்துகொண்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். "உங்களுக்குப் பயன்படாது" என்று சொன்னதற்கான விலையை வாசலில் உட்கார்ந்த எங்களைப் போன்றவர்கள் கொடுத்தோம்.

பக்கத்தில் விழும் பெரிய துளிகள் என்ற அந்தப் பழைய நம்பிக்கை எவ்வளவு தவறு என்பதற்கு ஒரு பாடகர் குழு சாட்சி. 2020 மார்ச் மாதம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் என்ற பகுதியில், 61 பேர் கூடிப் பாடிப் பழகினார்கள். அவர்களில் ஒருவருக்கு ஜலதோஷம் மாதிரி அறிகுறி. உறுதியானதும் சந்தேகத்துக்குரியதுமாகச் சேர்த்து 53 பேருக்குத் தொற்று வந்தது, 2 பேர் இறந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மட்டும் வந்திருந்தால் இந்தக் கணக்கு வராது. நோய் காற்றில் மிதந்திருக்கிறது. இது புரிந்தால் எங்கே மாஸ்க் அவசியம், எங்கே இல்லை என்பது தானாகப் பிடிபடும். மூடிய அறை, நிறையப் பேர், நீண்ட நேரம், பேச்சு அல்லது பாட்டு: இவை சேரும் இடம் ஆபத்து. காற்றாடும் மைதானத்தில் தனியாக நடக்கிறவருக்கு மாஸ்க் எதற்கு? இருந்தும் ஆளில்லாத கடற்கரையில் மாஸ்க் இல்லை என்று அபராதம் போட்ட இடங்கள் உண்டு. உணவகத்தில் வாசல் முதல் மேசை வரை மாஸ்க், உட்கார்ந்த பிறகு ஒரு மணி நேரம் மாஸ்க் இல்லாமல் அரட்டை என்ற விதியும் உண்டு. வைரஸுக்கு நாற்காலி தெரியுமா? இப்படிப்பட்ட விதிகள் நல்ல விதிகளின் மரியாதையையும் சேர்த்துக் கெடுத்தன. எங்கள் நூலகத்திலும், ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு மாஸ்க்கை மட்டும் கண்காணித்த காலம் ஒன்று இருந்தது.

"மாஸ்க் வேலை செய்யாதுன்னு ஆராய்ச்சியிலேயே சொல்லிட்டாங்களே" என்பது அடிக்கடி வரும் அடுத்த கணை. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். டென்மார்க்கில் 2020 ஏப்ரல், மே மாதங்களில் சுமார் 6,000 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. மாஸ்க் போடச் சொன்ன குழுவில் 1.8 சதவீதத்தினருக்கும், மற்ற குழுவில் 2.1 சதவீதத்தினருக்கும் தொற்று. வித்தியாசம் மிகச் சிறியது, தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனால் போடச் சொன்னவர்களில் சொன்னபடி போட்டவர்கள் 46 சதவீதம்தான். போட்டவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பை மட்டும்தான் அது அளந்தது. அவரால் மற்றவருக்குப் பரவாமல் தடுப்பதை அளக்கவில்லை. பங்களாதேஷ் ஆய்வில், சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியுடன் கூடிய தொற்று சுமார் 11 சதவீதம் குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் சுமார் 35 சதவீதம். துணி மாஸ்க்கில் பலன் தெளிவாகத் தெரியவில்லை. 2023 ஜனவரியில் காக்ரேன் நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்து ஒரு அறிக்கை வெளியிட்டது. அதை வைத்து "மாஸ்க் வீண் என்று நிரூபணமாகிவிட்டது" என்று செய்தி பரவ, அதன் தலைமை ஆசிரியரே மார்ச்சில், அப்படிப் பொருள்கொள்வது தவறு, முடிவு எந்தப் பக்கமும் உறுதியாக இல்லை என்று விளக்கம் கொடுக்க வேண்டிவந்தது.

நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். "இந்த மாஸ்க் காற்றை வடிகட்டுமா?" என்பது ஒரு கேள்வி. "ஊர் முழுக்க மாஸ்க் போடச் சொன்னால் நோய் குறையுமா?" என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ஆய்வகத்தில் பதில் தெளிவாக இருக்கிறது. இரண்டாவதில் மனிதர்கள் நுழைந்துவிடுகிறார்கள். மூக்குக்குக் கீழே போடுகிறவர்கள், வீட்டில் விருந்தாளிகளோடு கழற்றிவிடுகிறவர்கள், ஒரே மாஸ்க்கை மாதக்கணக்கில் போடுகிறவர்கள். இரண்டையும் கலந்து பேசினால் இரண்டு தரப்பும் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

விருப்பமா கட்டாயமா என்ற சண்டையும் புதிதில்லை. 1918 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் இன்ஃபுளுயன்சாவுக்காக மாஸ்க்கைக் கட்டாயமாக்கியது. நவம்பர் 21 நண்பகலில் விதி நீங்கியதும் மக்கள் மாஸ்க்கைக் கழற்றித் தெருவில் வீசினார்கள். நோய் மறுபடி ஏற, 1919 ஜனவரியில் விதி திரும்பியது. இந்த முறை மாஸ்க் எதிர்ப்பு லீக் என்று ஒரு அமைப்பே கிளம்பிக் கூட்டம் நடத்தியது. பிப்ரவரி 1 அன்று விதி போயிற்று. அவர்கள் போட்டது சல்லாத்துணி மாஸ்க். பிற்பாடு கலிஃபோர்னியா சுகாதார வாரியத்தைச் சேர்ந்தவர்களே அதை ஆராய்ந்து, நோயைத் தடுத்ததாகத் தெரியவில்லை என்று எழுதினார்கள். ஆக, அந்த லீக்கின் கோபத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்தது.

அதற்கு எதிர்த்திசையில் ஒரு கதை. 1910 இறுதியில் சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியென்-தே, இது காற்று வழியாகப் பரவுகிறது, பஞ்சு வைத்த துணி மாஸ்க் போட வேண்டும் என்றார். ஜெரால்ட் மெஸ்னி என்ற மூத்த பிரெஞ்சு மருத்துவர் அதை ஏற்கவில்லை. மாஸ்க் இல்லாமலே நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில், 1911 ஜனவரியில், அதே பிளேக்கில் இறந்தார். அந்த நோய் மொத்தம் சுமார் 60,000 பேரைக் கொன்றது. மெஸ்னி எடுத்தது தனிப்பட்ட முடிவுதான். ஆனால் மருத்துவரின் மூச்சு அவரோடு மட்டும் நிற்பதில்லை. அவர் அடுத்த கட்டிலுக்கும் போகிறவர்.

சரி, என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்துத் தாக்காமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் போன்ற மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அவை எதிர்ப்புச் சக்தியை வேண்டுமென்றே குறைக்கிறவை. தடுப்பூசி போட்டாயிற்றே என்று பலர் ஆறுதல் சொல்வார்கள். உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களிடம் 2021-ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்றில், முதல் ஊசிக்குப் பின் 17 சதவீதத்தினருக்குத்தான் எதிர்ப்பொருள் உருவாகியிருந்தது, இரண்டாவதற்குப் பின்னும் 54 சதவீதம். மற்றவர்களுக்கு ஊசி கொடுக்கும் தைரியம் இவர்களுக்கு அப்படியே கிடைப்பதில்லை.

இந்தச் சமயத்தில் உலகம் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர் பேருந்திலும் ரயிலிலும் இருந்த கட்டாயத்தை 2023 பிப்ரவரி 13 அன்று நீக்கியது. சட்டமே போடாமல் பழக்கத்தால் மாஸ்க் போட்ட ஜப்பான், மார்ச் 13 முதல் அவரவர் முடிவு என்றது. மே 5 அன்று உலக சுகாதார அமைப்பு அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. இதில் எனக்குப் புகார் இல்லை. என்றைக்காவது முடியத்தான் வேண்டும். முடித்த விதம்தான் சில இடங்களில் மோசம். 2022 ஏப்ரல் 18 அன்று ஃபுளோரிடாவில் ஒரு நீதிபதி பயணங்களுக்கான மாஸ்க் விதியை ரத்து செய்தபோது, சில அமெரிக்க விமானங்களில் பறந்துகொண்டிருக்கும்போதே "இனி கழற்றலாம்" என்று அறிவித்தார்கள். எல்லாரும் மாஸ்க் போட்டிருப்பார்கள் என்று நம்பி டிக்கெட் வாங்கிய புற்றுநோயாளி ஒருவர் அந்த விமானத்தில் இருந்தால், அவர் எங்கே இறங்குவது?

எங்களுக்கு முதல் சோதனை சொந்தக்காரர்கள். அறுவை சிகிச்சை முடிந்தவரைப் பார்க்க வராமல் இருந்தால் தப்பு, வந்தால் ஆபத்து. நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம், வாசலில் வைத்துக் கேட்கக் கூடாது. வந்து நின்றவரிடம் மாஸ்க்கை நீட்டினால், அவர் மனசில் அது "உன்னிடம் நோய் இருக்கிறது" என்றுதான் கேட்கும். நூலகத்தில் கையில் கொடுத்தது வேலை செய்தது, வீட்டில் செய்யவில்லை. அங்கே நான் ஊழியர், இங்கே உறவு. அதனால் முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிடுவேன். "அவருக்கு மருந்தால எதிர்ப்புச் சக்தி ரொம்பக் கம்மி. வர்றவங்க எல்லாருமே மாஸ்க் போட்டுக்கறாங்க, நானும் வீட்டுக்குள்ள போட்டுக்கறேன். உங்களுக்கும் எடுத்து வச்சிருக்கேன். கஷ்டமா இருந்தா வெளியில உட்கார்ந்து பேசலாம். உடம்பு சரியில்லைன்னா இன்னொரு நாள் வாங்க." இதில் "எல்லாருமே" என்ற வார்த்தை முக்கியம். உங்களை மட்டும் ஒதுக்கவில்லை என்பது அதில் அடங்கிவிடுகிறது. மறுப்பதற்கும் வழி இருக்கிறது.

என் கொழுந்தனார் மாஸ்க் விஷயத்தில் பரம எதிரி. விதி இருந்த காலத்தில் அவரோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். அவர் சொன்னார்: "அண்ணி, எனக்கு அதைப் போட்டா மூச்சு முட்டும். நான் போட மாட்டேன். ஆனா அண்ணனுக்காக வெளியிலேயே உட்கார்ந்துக்கறேன், சும்மா ஒரு நாற்காலி போடுங்க." அப்படியே வந்தார், நெடுநேரம் பேசினார்கள், போனார். தனிமனித விருப்பம் என்று யாராவது பேசும்போது எனக்கு அவர்தான் ஞாபகம் வருவார். தன் விருப்பத்துக்கான விலையைத் தானே கொடுத்தார், என் கணவரைக் கொடுக்க வைக்கவில்லை.

எல்லாரும் அப்படி இல்லை. கணவரின் நெடுநாள் நண்பர் ஒருவர், "எனக்கு ஒண்ணும் இல்லையே, என்னைப் போய் சந்தேகப்படறீங்களே" என்று வருத்தப்பட்டு வராமலே இருந்துவிட்டார். சமாதானம் சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை. விட்டுவிட்டேன். கேட்கிறவருக்கும் ஒரு சக்தி எல்லை உண்டு. எல்லாரையும் திருப்திப்படுத்திக்கொண்டு ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ள முடியாது.

உறவினர்களைவிடக் கஷ்டமாக இருந்தது மருத்துவமனை. பெயர் வேண்டாம். ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்கும் அறையில் உறுப்பு மாற்றம் செய்தவர்களும் இருமிக்கொண்டிருப்பவர்களும் தோளோடு தோள். ரத்தம் எடுக்கும் பெண்ணிடம், "உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா மாஸ்க் போட்டுக்கறீங்களா?" என்றேன். "இப்ப ரூல் இல்லையே மேடம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். என் கணவரின் கை அவர் முன்னால் நீண்டிருந்தது. ஊசி குத்தப்போகிறவரிடம் எவ்வளவு வாதாட முடியும்?

இதில்தான் என் கருத்து உறுதியானது. நூலகத்துக்கு வராமல் இருக்கலாம், விருந்துக்குப் போகாமல் இருக்கலாம். சிகிச்சைக்குப் போகாமல் இருக்க முடியாது. நோயாளிக்குத் தவிர்க்கும் வழி இல்லாத இடத்தில், ஊழியருக்கு மட்டும் விருப்பம் என்பது விருப்பமே இல்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வரும் பிரிவுகளில், தொற்று அதிகமாக இருக்கும் மாதங்களிலாவது, விதி வேண்டும். ஊர் முழுக்க வேண்டியதில்லை. அந்த விதியிலும் எங்கே, எதுவரை, எந்த நிலைமையில் நீங்கும் என்பது எழுதியிருக்க வேண்டும். மாஸ்க் இலவசமாக அங்கேயே கிடைக்க வேண்டும். போட முடியாதவருக்கு மாற்று வழி வேண்டும். பெரியம்மைத் தடுப்பூசி மறுத்த ஒருவர் வழக்கில் 1905-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொதுச் சுகாதாரத்துக்காகத் தனிமனித சுதந்திரத்துக்கு வரம்பு விதிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, விதி தான்தோன்றித்தனமாக இருக்கக் கூடாது என்றும் சொன்னது. அவருக்கு விதித்தது 5 டாலர் அபராதம், பிடித்துவைத்து ஊசி போடவில்லை. இரண்டு பாதியையும் சேர்த்துப் படிக்கிறவர்கள் குறைவு.

அதுவரை நாங்கள் செய்துகொண்டவை: காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குவது, ஏனென்றால் இரவெல்லாம் காலியாக இருந்த அறையில் காற்று கொஞ்சம் சுத்தம். காத்திருக்கும் அறையில் உட்காராமல் வெளியே நின்று, அழைக்கச் சொல்லிக் கைபேசி எண் கொடுப்பது. "நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, அருகில் வரும் ஊழியர் மாஸ்க் அணியவும்" என்று மருத்துவரிடம் கேட்டு அவர் கையாலேயே கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வாங்கியது. கடைசியாகச் சொன்னதுதான் பெரிய மாற்றம். நான் கேட்கும்போது வேண்டுகோள். தாளில் இருக்கும்போது உத்தரவு. அதே பெண் தாளைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் மாஸ்க்கை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மற்றவர் போடாத உலகில் நம் மாஸ்க் நன்றாக இருக்க வேண்டும். துணியோ தளர்வான சர்ஜிக்கல் மாஸ்க்கோ இதற்குப் போதாது. என்95 அல்லது அதற்கு இணையானது வேண்டும். என்95 என்றால் சுமார் 0.3 மைக்ரான் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது தரம். "வைரஸ் அதைவிடச் சின்னது, கொசுவலையில தூசியைத் தடுக்க முடியுமா?" என்று கேட்பார்கள். மாஸ்க் வலை மாதிரி வேலை செய்வதில்லை. அதன் இழைகளில் நிலைமின்னூட்டம் இருக்கிறது, துகள்களை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். 0.3 மைக்ரான் என்பது பிடிப்பதற்கு மிகவும் கடினமான அளவு என்பதால்தான் அதை வைத்துச் சோதிக்கிறார்கள். அதைவிடச் சிறியவை அங்குமிங்கும் தள்ளாடி இழையில் மோதிச் சிக்கிக்கொள்கின்றன. தவிர, வைரஸ் தனியாகப் பறந்து வருவதில்லை, மூச்சுத் துளிக்குள் வருகிறது.

அந்த மின்னூட்டத்தால்தான் என்95-ஐ சோப்பில் துவைக்கவோ ஆல்கஹால் தெளிக்கவோ கூடாது, வடிகட்டும் சக்தி போய்விடும். நாங்கள் சிலவற்றைச் சுழற்சியில் வைத்திருக்கிறோம். போட்டதைக் காகிதப் பையில் சில நாள் விட்டுவிட்டுத் திரும்ப எடுப்போம். நாடா தளர்ந்தாலோ ஈரமானாலோ தூக்கிப் போட்டுவிடுவோம். போட்டதும் மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தி, உள்ளங்கைகளால் மாஸ்க்கை மூடிப் பலமாக மூச்சுவிட்டுப் பார்க்க வேண்டும். கண்ணுக்கோ கன்னத்துக்கோ காற்று அடித்தால் கசிகிறது என்று அர்த்தம். கண்ணாடி போடுகிறவர்களுக்குச் சோதனையே தேவையில்லை, பனி படிந்தால் கசிவு. தாடி இருந்தால் எந்த விலையுள்ள மாஸ்க்கும் ஒட்டாது. என் கணவர் ஆசையாக வளர்த்த தாடியை எடுத்ததில் எனக்கும் வருத்தம்தான். காதில் மாட்டுவதைவிடத் தலையைச் சுற்றும் நாடா நன்றாகப் பொருந்தும். வால்வு வைத்தவை போட்டவரைக் காக்கும், வெளியே விடும் மூச்சை வடிகட்டாது. பார்க்க வருகிறவர்களுக்கு அதைக் கொடுக்காதீர்கள். சர்ஜிக்கல் மாஸ்க்தான் கைவசம் என்றால் காது நாடாவை மாஸ்க் ஓரத்திலேயே முடிச்சுப் போட்டு, பக்கவாட்டு மடிப்பை உள்ளே செருகுங்கள். 2021 பிப்ரவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பொம்மைத் தலைகளை வைத்துச் சோதித்தபோது, எதிரெதிரே இருக்கும் இரண்டு தலைகளுக்கும் இப்படிப் போட்டால் துகள்கள் போய்ச் சேருவது சுமார் 95 சதவீதம் குறைந்தது. 5 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு வேண்டாம் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. பேரக் குழந்தை தாத்தாவைப் பார்க்க வந்தால் ஜன்னலைத் திறந்துவைத்து, தாத்தா மாஸ்க் போட்டுக்கொள்வார்.

இப்போது எங்களுக்கு வரும் கேள்வி தலைகீழாக மாறிவிட்டது: "இன்னுமா மாஸ்க் போடறீங்க?" ஆரம்பத்தில் நான் ஒவ்வொருவருக்கும் சிறுநீரகம், மருந்து, எதிர்ப்பொருள் என்று பாடம் எடுத்தேன். பாதிப் பேர் கேட்டது சும்மா பேச்சுக்காக. நோயைச் சொன்னதும் அவர்கள் முகம் மாறி, அப்புறம் நான் அவர்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். இப்போது அறிமுகமில்லாதவர்களிடம் "பழகிடுச்சு" என்று முடித்துக்கொள்கிறேன். கூட வேலை பார்ப்பவர்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் ஜலதோஷம் வந்தால் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். என் கணவரின் பதில் வேறு. லிஃப்டில் ஒருவர் கேட்டபோது, "தாடியை எடுத்ததுல இருந்து இது போட்டாத்தான் முகம் நல்லா இருக்குன்னு வீட்டுல சொல்லிட்டாங்க" என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லை.